இரவைப் பகலாக்கும் கண்ணாடி எதுவும் இல்லை

மதுரை மாசி வீதிகளின் நடைபாதைக் கடைகளிலும் கைபேசியில் ஓயாமல் வந்து விழும் விளம்பரங்களிலும் இன்று ஒரு சரக்கு நன்றாக ஓடுகிறது. பெயர் ‘நைட் விஷன்’ கண்ணாடி. மஞ்சள் நிறப் பிளாஸ்டிக். விலை இருநூறு ரூபாயில் தொடங்குகிறது. “போட்டுப் பாருங்கண்ணே, எதிர்ல வர்ற லைட்டு கண்ணுல அடிக்கவே அடிக்காது; ராத்திரி பகலு மாதிரி தெரியும்” என்பது விற்பவரின் வாக்கு. கால் டாக்ஸி ஓட்டும் இளைஞரிலிருந்து கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றிப் போகும் லாரி ஓட்டுநர் வரை இதை நம்பி வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்தச் சரக்குக்கு ஒரு பெரிய அண்ணன் உண்டு. சினிமாவில் கமாண்டோ வீரர் ஹெல்மெட்டிலிருந்து இறக்கிவிட்டதும் திரை முழுக்கப் பச்சையாக மாறுமே, அந்தக் கருவி. அதன்மீதும் நம் ஊரில் அளவற்ற நம்பிக்கை. வைகையில் இரவில் மணல் அள்ளுவதைத் தடுக்க முடியவில்லையா? போலீசுக்கு நைட் விஷன் வாங்கிக் கொடுங்கள். அழகர்மலை அடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றி இறங்குகிறதா? காவலுக்குப் போகிறவர் கையில் நைட் விஷன் இருந்தால் போதும். நான்குவழிச் சாலையில் ராத்திரி விபத்தா? அதற்கும் அதுவே மருந்து. டீக்கடையில் மட்டும் பேசப்படும் பேச்சல்ல இது. விவரம் அறிந்தவர்களும் கூட்டங்களில் இதையே சொல்கிறார்கள்.

இரண்டு நம்பிக்கைகளின் வேரும் ஒன்றுதான்: இருட்டில் பார்ப்பது என்பது, பார்க்கிறவன் முகத்தில் எதை மாட்டுகிறான் என்பதைப் பொறுத்தது என்ற எண்ணம். அந்த எண்ணமே தவறு. இருட்டில் ஒரு பொருள் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் அந்தப் பொருளின் மேல் விழும் ஒளியையும், அது திருப்பி அனுப்பும் ஒளியையும் பொறுத்தது. மதுரைச் சமவெளியின் சாலைகளில் இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. முகத்துக்குச் செலவழிக்கும் காசும் கவனமும், செலவழிக்க வேண்டிய இடத்திலிருந்து பிடுங்கப்பட்டவை.

முதலில் அசல் கருவிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். 2023 ஏப்ரல் 27-28 இரவில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த சூடானில், கார்ட்டூம் நகருக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள வாடி சயீத்னா ஓடுதளத்தில் இந்திய விமானப்படையின் சி-130ஜே விமானம் இறங்கியது. ஓடுதளம் சீர்கெட்டிருந்தது, இறங்குவதற்கான விளக்கு கிடையாது, தரையிலிருந்து வழிசொல்ல ஆளும் கிடையாது. விமானிகள் நைட் விஷன் கருவி அணிந்து இறங்கி, 121 பேரை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். கருவி பொய்யில்லை. ஆனால் அந்த வெற்றிக்குள் இருந்த நிபந்தனைகளைக் கவனியுங்கள். கீழே எதிர்விளக்குகள் இல்லை. ஓட்டியவர்கள் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். அப்படியும் கருவியை மட்டும் நம்பி அவர்கள் இறங்கவில்லை. விமானத்தில் உள்ள அகச்சிவப்பு உணரிகளால் ஓடுதளத்தில் தடை எதுவும் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே இறங்கினார்கள்.

கருவி செய்யும் வேலை என்ன? நட்சத்திரத்திலிருந்தும் நிலவிலிருந்தும் ஊர் விளக்கிலிருந்தும் சிதறி வரும் சொற்ப ஒளியை முன் லென்ஸ் திரட்டுகிறது. அந்த ஒளி ஓர் ஒளியுணர் தகட்டில் பட்டு எலக்ட்ரான்களைக் கிளப்புகிறது. லட்சக்கணக்கான நுண்துளைகள் கொண்ட ஒரு கண்ணாடித் தகட்டுக்குள் அந்த எலக்ட்ரான்கள் பாய்ந்து ஆயிரக்கணக்கில் பெருகுகின்றன. பிறகு ஒளிரும் திரையில் மோதிப் படமாகின்றன. நம் கண் பச்சையில்தான் சாயல் வேறுபாடுகளை நன்றாகப் பிரித்தறியும் என்பதால் திரையைப் பச்சையாகச் செய்தார்கள். இப்போது வெண்ணிறத் திரையும் வந்துவிட்டது. இந்தியாவில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் மசூலிப்பட்டினம் ஆலை இத்தகைய கருவிகளைத் தயாரிக்கிறது.

ஆக, கருவி ஒளியை உண்டாக்குவதில்லை, இருப்பதைப் பெருக்குகிறது. திருவிழா மைக் செட்டைப் போல. மைக் முன்னால் ஆள் பேசினால் ஊருக்கே கேட்கும்; யாரும் பேசாதபோது சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கேட்கும்; பக்கத்தில் வெடி வெடித்தால் காது கிழியும். முழுநிலவில் தரைக்குக் கிடைக்கும் ஒளி கால் லக்ஸ் அளவு. நிலவில்லாத தெளிந்த வானில் அது ஆயிரத்தில் ஒரு லக்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். மேகம் மூடினாலோ, புளியமரங்கள் கூடாரம் போட்ட பழைய சாலையின் நிழலுக்குள் போனாலோ இன்னும் கீழே. அப்போது திரையில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் பொரியும்.

அடுத்தது பார்வையின் அகலம். வெறுங்கண்ணோடு நிற்பவருக்குப் பக்கவாட்டில் சுமார் 200 பாகை வரை தெரியும். வழக்கமான ராணுவக் கருவியில் தெரிவது 40 பாகை. இரண்டு குழாய் வழியாக உலகத்தைப் பார்ப்பதாகப் பொருள். சர்வீஸ் ரோட்டிலிருந்து திடுக்கென்று ஏறும் டி.வி.எஸ். எக்ஸெல் வண்டி அந்த 40 பாகைக்குள் வரும்போது நேரம் கடந்திருக்கும். கூர்மையும் அப்படித்தான்: கண் மருத்துவர் பலகையில் காட்டும் 6/6 பார்வையை இந்தத் திரையில் எட்டுவது அரிது, ஒளி குறையக் குறையக் கூர்மையும் சரியும். தூரத்துக்குக் குவித்துவைத்தால் பக்கத்தில் இருப்பது மங்கும். அதனால்தான் விமானிகள் தங்கள் கருவிப் பலகையைக் குழாயின் அடிவழியாக வெறுங்கண்ணால் பார்க்கிறார்கள். பள்ளம் எவ்வளவு ஆழம், முன்னே போகும் வண்டி எவ்வளவு தூரம் என்ற கணிப்பும் தடுமாறும். சிவப்பும் பச்சையும் அந்தத் திரையில் ஒரே நிறம். பிரேக் விளக்கையும் சிக்னலையும் நிறத்தால் பிரித்தறிய வேண்டிய ஒரு சாலையில் இது சின்னக் குறையா?

எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை, எதிர்விளக்கு. கருவியின் திரையில் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒளிவட்டம் பூக்கும்; அந்த வட்டத்துக்குள் இருக்கும் எதுவும் தெரியாது. புதிய குழாய்கள் மின்னழுத்தத்தை நொடிக்குப் பலமுறை நிறுத்தி விட்டுத் தங்களைக் காத்துக்கொள்கின்றன; ஒளிவட்டம் சிறிதாகிறதே தவிர, மறைவதில்லை. திருமங்கலத்திலிருந்து கப்பலூர் வழியாக ஊருக்குள் வரும் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். மீடியனுக்கு அந்தப் பக்கம் வரிசையாக ஹெட்லைட்கள், இந்தப் பக்கம் டோல்கேட்டின் உயர்கம்ப விளக்குகள், ஓரத்தில் ஓட்டல்களின் எல்.இ.டி. சரங்கள். இருட்டுக்கென்று செய்த கருவிக்கு இதைவிடப் பாதகமான இடம் கிடையாது.

நகர வெளிச்சத்துக்கு நடுவே இந்தக் கருவியோடு பறப்பது எவ்வளவு கடினம் என்ற கேள்வி 2025 ஜனவரி 29 இரவுக்குப் பிறகு உலகம் முழுக்க எழுந்தது. வாஷிங்டன் நகரில் போட்டோமாக் ஆற்றின் மேல் அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டரும் பயணிகள் விமானமும் மோதி 67 பேர் மாண்டார்கள். ஹெலிகாப்டர் குழுவினர் நைட் விஷன் கருவி அணிந்தே பறந்திருக்கக்கூடும் என்று விசாரணை வாரியம் தெரிவித்தது. அந்த விபத்துக்குக் காரணங்கள் பல. கருவியின் மீது மட்டும் பழி போடுவது நேர்மையல்ல. ஆனால் அமெரிக்க ராணுவத்தின் பயிற்சி பெற்ற விமானிகள், கருவி முகத்தில் இருந்தும், எதிரே விளக்கு எரியவிட்டு வந்த ஒரு விமானத்திடமிருந்து விலகவில்லை. அந்த உண்மைக்கு முன்னால் ‘நைட் விஷன் இருந்தால் போதும்’ என்ற பேச்சு எத்தனை நேரம் நிற்கும்?

“சரி, வெப்பத்தைப் பார்க்கும் தெர்மல் கேமரா இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது, அது வேறு கருவி. ஒளியே இல்லாத இடத்திலும் உடல் வெப்பத்தை வைத்துப் படம் காட்டும். கோவை மதுக்கரையில் ரயில் பாதையைக் கடக்கும் யானைகளைக் காக்க 2024 பிப்ரவரியில் தமிழக வனத்துறை தொடங்கிய ஏற்பாடு இதற்கு நல்ல சான்று. 12 கோபுரங்களில் தெர்மல் கேமராவும் சாதாரணக் கேமராவும் பொருத்தி, செயற்கை நுண்ணறிவால் படங்களை அலசி, கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போகிறது. செலவு 7.24 கோடி ரூபாய். நல்ல திட்டம். ஆனால் அங்கே வேலை செய்வது யார் முகத்திலும் மாட்டிய கண்ணாடி அல்ல. யானை வரும் இடம் முன்கூட்டியே தெரியும். தேடும் உருவம் பெரியது. கேமரா அசையாமல் நிற்கிறது. இரவு முழுக்க ஆள் உட்கார்ந்து பார்க்கிறார். மதுக்கரையின் வெற்றியைக் காட்டி மேலூர்க் காவலருக்குக் கையடக்கக் கருவி கேட்பது, அந்த வெற்றியைப் புரிந்துகொள்ளாத பேச்சு.

மதுரையின் வெயிலும் இந்தக் கருவிக்கு நண்பன் அல்ல. யானைமலை, சமணர்மலை, அரிட்டாபட்டிக் குன்றுகள் எல்லாம் பகல் முழுக்க வெயிலைக் குடித்த பாறைகள். சித்திரை, வைகாசியில் பொழுது சாய்ந்து வெகுநேரம் வரை அவை சூட்டை விடுவதில்லை. மனிதத் தோலின் வெப்பமும் பாறையின் வெப்பமும் நெருங்கி வரும் வேளையில் தெர்மல் திரையில் ஆளும் பாறையும் ஒன்றோடொன்று கலந்துவிடும். சாலைக்கோ அது இன்னும் பொருந்தாது. சாதாரணக் கண்ணாடி வழியே அந்த வெப்பக் கதிர் ஊடுருவாது. காருக்குள் உட்கார்ந்து விண்ட்ஷீல்டு வழியாகத் தெர்மல் கருவியில் பார்த்தால் தெரிவது விண்ட்ஷீல்டின் வெப்பம்தான். மணல் லாரியைப் பிடிக்கும் வேலையிலும் அதே கதை. நீதிமன்றம் கேட்பது வண்டியின் பதிவெண்ணும் ஓட்டியவரின் முகமும். நம்பர் பிளேட்டின் எழுத்தும் தகடும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருப்பதால் தெர்மல் படத்தில் எண்ணைப் படிப்பது நடக்காத காரியம். ஆற்றில் லாரி நிற்கிறது என்பதை அந்தக் கருவி சொல்லும். அது ஊருக்கே தெரிந்த சேதி.

இனி தம்பிக்கு வருவோம், அந்த மஞ்சள் கண்ணாடிக்கு. இதில் குழாய் இல்லை, பேட்டரி இல்லை, பெருக்கும் தகடு இல்லை. பெயரில் மட்டுமே அண்ணனோடு உறவு. எந்த நிறக் கண்ணாடியும் ஒளியைக் குறைக்கத்தான் செய்யும். கூட்டுவதற்கு அதனிடம் வழியே கிடையாது. இருட்டில் ஏற்கெனவே பஞ்சமாக இருக்கும் பொருளை மேலும் பிடுங்கிக்கொண்டு, பார்வை கூடுகிறது என்று சொன்னால் அது வியாபாரம், விஞ்ஞானம் அல்ல.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார் விண்ட்ஷீல்டு குறைந்தது 70 சதவீத ஒளியையாவது உள்ளே விட வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 100. அந்த விதியை வைத்துத்தான் 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், அவிஷேக் கோயங்கா வழக்கில், கார்க் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நம் ஊரிலும் போலீசார் சாலையோரம் நிறுத்தி உரித்துப் போட்டார்கள். சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்சம் அந்த 70. அதன் பின்னால் உட்கார்ந்திருப்பவர் 80 சதவீதம் மட்டும் விடும் மஞ்சள் கண்ணாடியை மாட்டினால் கண்ணுக்கு வந்து சேர்வது 56 சதவீதம். காரிலிருந்து உரித்த ஃபிலிமை மூக்கின் மேல் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். நிறக் கண்ணாடிகளுக்கான சர்வதேசத் தர விதிகள், 75 சதவீதத்துக்குக் குறைவாக ஒளி விடும் கண்ணாடியை இரவில் வண்டி ஓட்ட அணியக் கூடாது என்கின்றன. நடைபாதையில் விற்கும் எந்தக் கண்ணாடியில் அந்த அளவு அச்சாகியிருக்கிறது?

“ஆராய்ச்சி எல்லாம் எதுக்கு? போட்டா பளிச்சுனு இருக்கே” என்பது அடுத்த வாதம். பளிச்சென்று தோன்றுவது உண்மை. மஞ்சள் வடிகட்டி நீலத்தை வெட்டும்போது காட்சி தெளிவானதுபோலவும் பிரகாசமானதுபோலவும் ஓர் உணர்வு வரும். பிரச்சினையே அங்கேதான்: உணர்வு கூடுகிறது, பார்வை கூடுவதில்லை. அமெரிக்காவின் பாஸ்டனில், ஷெப்பன்ஸ் கண் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இதைச் சோதித்து 2019-ல் ‘ஜாமா ஆப்தல்மாலஜி’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். 22 பேரை ஓட்டுநர் பயிற்சிக்கான செயற்கைக் காரில் உட்காரவைத்து, எதிர்வண்டி விளக்கு கண்ணில் அடிப்பதுபோல ஏற்பாடு செய்து, சாலையில் நடந்துவரும் ஆளை எவ்வளவு விரைவாகக் கண்டுகொள்கிறார்கள் என்று அளந்தார்கள். மஞ்சள் கண்ணாடி போட்டபோதும் நிறமற்ற கண்ணாடி போட்டபோதும் ஒப்பிட்டார்கள். மஞ்சளால் ஒரு பயனும் தெரியவில்லை. இரவு ஓட்டத்துக்கு இவற்றைப் பரிந்துரைக்க ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் முடிவு. 22 பேர் சிறிய எண்ணிக்கைதானே என்று கேட்கலாம். கேளுங்கள். அதே மூச்சில், விற்பவர் எத்தனை பேரை வைத்துச் சோதித்தார் என்றும் கேளுங்கள்.

பயனில்லாவிட்டால் போகட்டும், கேடு என்ன என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் உண்டு. தெளிவாகத் தெரிகிறது என்ற நம்பிக்கை வந்தவர் வேகத்தைக் கூட்டுவார். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி. அதற்குள் 33 மீட்டர் போய்விடும். உலர்ந்த தாரில் நல்ல பிரேக் பிடித்து நிற்க இன்னுமொரு 35 மீட்டர். மொத்தம் 70 மீட்டர் அளவு. லோ பீமில் கறுப்புச் சட்டை போட்டு நடப்பவர் கண்ணில் படும் தூரம் இதைவிட மிகக் குறைவு. அதாவது, அந்த வேகத்தில் போகிறவர் அவரைக் காணும்போதே மோதல் முடிவாகிவிட்டது. எந்தக் கண்ணாடியும் இந்தக் கணக்கை மாற்றாது; வேகத்தைக் குறைத்தால் மட்டுமே மாறும்.

இதைவிட வருத்தமான கேடு, கண் நோயை மூடி மறைப்பது. எதிர்விளக்கு தாங்க முடியாமல் கூசுகிறது, விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்பவை கண்புரையின் ஆரம்ப அடையாளங்களாக இருக்கலாம். வயதும் ஒரு காரணம்: இருபது வயதுக் கண்ணுக்குள் போகும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் விழித்திரையைச் சேர்கிறது; கண்மணி சுருங்கியிருக்கும், லென்ஸ் பழுத்திருக்கும். மாலைக்கண்ணுக்கு வைட்டமின் ஏ குறைபாடோ பரம்பரை விழித்திரை நோயோ காரணமாக இருக்கலாம். இதையெல்லாம் பார்த்துச் சொல்ல மதுரையில் ஆளா இல்லை? 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை ஆரோலேப் நிறுவனம் இங்கேயே தயாரித்து, ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. உலகத்தில் எங்கிருந்தோ புரை அறுவைக் கலையைக் கற்க மருத்துவர்கள் தேடி வரும் நகரத்தில், ஐம்பத்தைந்து வயது ஓட்டுநர் தன் கூச்சத்துக்கு மருந்தாக நடைபாதைப் பிளாஸ்டிக்கை வாங்கி மாட்டிக்கொள்கிறார் என்றால் அதைவிட வெட்கக்கேடு வேறு எது?

“அப்படியானால் கூச்சம் பொய்யா?” பொய்யில்லை. மஞ்சள் கண்ணாடி விற்பவர்கள் சொல்வதில் முழு உண்மை இது ஒன்றுதான். ஆனால் அதன் காரணம் எதிரே வரும் வண்டியில் இருக்கிறது. ஹாலஜன் பல்புக்கென்று வடிவமைத்த ஹெட்லைட் கிண்ணத்துக்குள், வெள்ளை வெளேரென்ற எல்.இ.டி. பல்பைக் கடையில் வாங்கி மாட்டுகிறார்கள். ஒளி கிளம்பும் புள்ளி இடம் மாறியதால் கிண்ணத்தால் கற்றையைக் குவிக்க முடியவில்லை. ஒளி நாலாபுறமும் சிதறி எதிர்வருபவர் கண்ணில் விழுகிறது. பின்னால் பாரம் ஏற்றியதும் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் வண்டிகள் வேறு. டிம் அடிக்கும் பழக்கமே ஒழிந்துவிட்டது. எதிரே வண்டி வந்தால் டிம் அடிப்பவரைப் பயந்தாங்கொள்ளி என்று நினைக்கும் காலம் இது. மோட்டார் வாகன விதி 106 என்ன சொல்கிறது? வண்டியிலிருந்து 8 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச்செய்யாதபடி விளக்குக் கற்றை கீழ்நோக்கி இறங்கியிருக்க வேண்டும் என்கிறது. முன்பு ஹெட்லைட்டின் நடுவில் போலீசார் ஒட்டிய கறுப்பு ஸ்டிக்கர், இந்த விதியை அமல்படுத்த எடுத்த எளிய முயற்சி. அந்தப் பழக்கம் தேய்ந்தது. மஞ்சள் கண்ணாடி வியாபாரம் வளர்ந்தது. குற்றம் செய்தவரை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவரிடம் காசு வாங்கும் ஏற்பாடு இது.

இருட்டில் எதைத் தெரியவைக்க வேண்டும் என்பதை, இரவிலேயே தொழில் செய்பவர்களிடம் கேட்கலாம். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென்று நாட்டில் அமைந்த முதல் சரணாலயம். இந்தப் பகுதியில், அய்யலூர்க் காடுகளில், 1990-களிலிருந்தே ஆய்வாளர்கள் இரவு முழுக்கத் தேவாங்குகளின் பின்னால் நடந்திருக்கிறார்கள். அவர்கள் நம்பியது நெற்றியில் கட்டிய, சிவப்பு வடிகட்டி போட்ட விளக்கை. தேவாங்கின் விழித்திரைக்குப் பின்னால், ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. மங்கலான சிவப்பு வெளிச்சம் பட்டாலே முள்மரக் கிளையில் இரண்டு கண்கள் கனலாக மின்னும். பார்க்கிறவரின் கருவியைவிடப் பார்க்கப்படுவதன் பிரதிபலிப்பே அங்கே வேலை செய்கிறது. பூனைக்கும் மாட்டுக்கும் அந்தப் படலம் உண்டு, மனிதனுக்கு இல்லை. சாலையில் பதிக்கும் பூனைக்கண் பிரதிபலிப்பானை இங்கிலாந்தின் பெர்சி ஷா 1930-களில் உருவாக்கியதும் இதே தத்துவத்தில்தான். இன்றும் நான்குவழிச் சாலையில் நம்மைக் கோட்டுக்குள் வைத்திருப்பது அந்தச் சின்னச் சதுரங்கள்தாம்.

இப்போது மதுரையின் சாலைக்குத் திரும்புவோம். பெரியாறு பாசனத்தில் அறுவடை முடிந்த நாள்களில், வாடிப்பட்டியிலோ மேலூரிலோ மாலை ஏழு மணிக்கு ஒரு டிராக்டர் வைக்கோல் ஏற்றிக்கொண்டு சாலைக்கு ஏறும். பாரம் டிரெய்லரின் இரு பக்கமும் பிதுங்கி நிற்கும். பின்னால் தொங்கும் வைக்கோல் நம்பர் பிளேட்டை மூடியிருக்கும். பின்விளக்குக்கு ஒயர் இருக்கும், பல்பு இருக்காது. ரிஃப்ளெக்டர் இருந்தாலும் அதன்மேல் வயல் சேறு காய்ந்திருக்கும். மணிக்கு இருபது கிலோமீட்டரில் அது போகும். பின்னால் எண்பதில் வண்டி வரும். இந்த இடத்தில் பின்னால் வருபவர் முகத்தில் என்ன மாட்டியிருந்தாலும் பயனில்லை. டிரெய்லரின் பின்பலகையில் சிவப்பு-வெள்ளை ஒளிர்பட்டை ஒரு முழம் ஒட்டியிருந்து, வைக்கோல் அதை மூடாமல் இருந்தால், நூறு மீட்டருக்கு அப்பாலேயே அது பின்வருபவரைக் கூப்பிட்டுச் சொல்லும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களைப் பாருங்கள். காரைக்குடிப் பக்கத்திலிருந்தும் சிவகங்கைச் சீமையிலிருந்தும் நத்தம், திண்டுக்கல் வழியாக இரவு பகலாக நடக்கிறார்கள். பௌர்ணமியை ஒட்டி வரும் விழா. தலைக்கு மேல் நிலவு காயும். நடப்பவருக்கு வழி நன்றாகத் தெரியும். அதனாலேயே, வண்டி ஓட்டி வருபவருக்கும் தன்னைத் தெரியும் என்று நினைத்துவிடுகிறார். ஹெட்லைட் வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு நிலவொளி இருந்தும் இல்லாததுதான். பக்தர்களின் முதுகுப்பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடும் போலீசாரும் தன்னார்வலர்களும் செய்கிற காரியம், எந்த நைட் விஷன் கருவியும் செய்யாத காரியம். சாலையில் படுக்கும் மாடுகளின் கொம்பில் ஒளிர்பட்டை சுற்றுவதும் அப்படியே: மாட்டின் கண் மின்னும் என்று சொல்லிவிடலாம், அது நமக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தால் என்ன மின்னும்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். நாடு முழுவதும் ஒரு நாளில் விபத்துகள் உச்சம் தொடும் நேரம் நள்ளிரவு அல்ல. மாலை 6 மணி முதல் 9 மணி வரை. ஏறக்குறைய ஐந்தில் ஒரு விபத்து அந்த மூன்று மணி நேரத்தில் நடக்கிறது. வேலை முடிந்து திரும்பும் கூட்டம், கடைத்தெரு, சைக்கிள், டிராக்டர், நடைபாதை இல்லாத சாலை, எல்லாம் ஒன்றுகூடும் வேளை. கமாண்டோ கருவி கேட்கும் கும்மிருட்டு அங்கே கிடையாது. அங்கே தேவை சாதாரண ஒழுங்கு.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். ராணுவ விமானிக்கு நைட் விஷன் கருவி தேவை, அவருக்குக் கொடுங்கள். யானை கடக்கும் ரயில் பாதைக்குத் தெர்மல் கேமரா தேவை, வையுங்கள். மதுரைச் சாலையில் வண்டி ஓட்டும் யாருக்கும் இரண்டில் எதுவும் தேவையில்லை. மஞ்சள் பிளாஸ்டிக் யாருக்குமே தேவையில்லை. எதிர்விளக்கு கூசினால் முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். விண்ட்ஷீல்டின் உட்புறத்தில் படிந்த எண்ணெய்ப் படலத்தைத் துடையுங்கள். வேகத்தை அறுபதுக்கு இறக்குங்கள். எதிரே வண்டி வந்தால் நீங்கள் முதலில் டிம் அடியுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களுக்கு ஒரு கோரிக்கை: எஃப்.சி.க்கு வரும் ஒவ்வொரு வண்டியிலும் ஹெட்லைட்டின் கோணத்தை அளந்து பாருங்கள், பொருந்தாத எல்.இ.டி. பல்பைக் கழற்றச் சொல்லுங்கள். ஒளிர்பட்டை இல்லாத டிரெய்லரைத் திருப்பி அனுப்புங்கள். சட்டம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.